மோட்சப் பிரயாணத்தை வாசிக்கும் முறை

ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட ‘மோட்சப் பிரயாணம்’ என்னும் கிரந்தத்தைக் கையில் எடுப்போர் பலரும், மன உறுதி படைத்த ஒருவன் இடையூறுகளையெல்லாம் வென்று மோட்ச நகரத்தை அடைந்த வீரக் கதையாகவே அதனை வாசித்து முடித்துவிடுகிறார்கள். அப்படி வாசித்தாலும் சுவைக்கும்தான். ஆயினும், பெட்ஃபோர்டுக்கு அருகிலுள்ள எல்ஸ்டோவில் பிறந்து, பாத்திரங்களைப் பழுதுபார்த்துப் பிழைத்து, தடையை மீறிப் பிரசங்கித்ததற்காகப் 12 ஆண்டுகள் சிறையிலிருந்த அந்த மனிதர், தேவகிருபையன்றித் தன் நற்குணத்தால் எவனும் கரையேறுவதில்லை என்பதைச் சொல்லவே அதனை எழுதினார். ஆகவே, யாத்திரிகன் ஜயிக்கும் இடங்களைக் காட்டிலும், அவனுடைய பிரயாசை பலிக்காமற்போகும் இடங்களில் நின்று நிதானித்துப் படிக்கவேண்டும்.

முதலில், முதுகிலே பாவச்சுமையோடு புறப்பட்டவனை உலக ஞானி வழிமறித்து, நீதிநெறியூருக்குப் போனால் சுமை எளிதில் இறங்கிவிடும் என்று யோசனை சொல்லும் கட்டம். யோசனை நியாயமாகவே தோன்றுகிறது. நம்பிப் போனவனுக்கோ, வழியிலுள்ள மலை தலைமேல் சரிந்துவிடும்போல் நிற்கிறது, நெருப்பு சுடர்விடுகிறது, சுமை முன்னிலும் அதிகமாய்க் கனக்கிறது.

அடுத்து, வியாக்கியானியின் வீட்டில் ஒருநாளும் பெருக்கப்படாத அறை. ஒருவன் துடைப்பம் எடுத்துப் பெருக்க, யாத்திரிகனுக்கு மூச்சுத் திணறும்படி புழுதி எழும்புகிறது. பிறகு ஒரு பெண் தண்ணீர் தெளிக்க, புழுதி அடங்கி அறை சுத்தமாகிறது. பெருக்கினவன் நியாயப்பிரமாணம், தண்ணீர் தெளித்தவள் சுவிசேஷம். இவ்வளவு பெரிய சித்தாந்தத்தை இவ்வளவு சிறிய காட்சியில் அடக்கியவர் வேறு யாரையும் நான் அறியேன்.

சிலுவையண்டை வரும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். யாத்திரிகன் சுமையை அவிழ்க்கவில்லை, உதறவுமில்லை. அது தானாகத் தோளினின்று கழன்று உருண்டு, கீழேயிருந்த கல்லறையின் வாயில் விழுந்து மறைகிறது. அவன் செய்ததெல்லாம் நிமிர்ந்து பார்த்ததும், அழுததுமே. பனியன் சுருக்கமாகச் சொல்லிச் செல்லும் இடம் இது. நெல்லைச் சீமையில் வைஷ்ணவராய்ப் பிறந்து, பின்னர்க் கிறிஸ்தவரான ஹெச். ஏ. கிருஷ்ண பிள்ளையோ, இக்கதையைத் தழுவி 1894-இல் வெளியிட்ட ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காவியத்தில் இயேசுவின் பாடுகளை விரிவாகப் பாடினார். இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவர்கள் பாக்கியசாலிகள்.

இனி, அறிவீனன் என்னும் வாலிபனைப் பற்றிச் சொல்லாமல் விடுவதற்கில்லை. அவன் துஷ்டனல்லன், எவருக்கும் கடன் வைக்காதவன், ஜெபமும் உபவாசமும் உள்ளவன், தசமபாகம் செலுத்துகிறவன், தர்மம் கொடுக்கிறவன். சிலுவை வழியாய் வராமல் குறுக்குச் சந்தில் நுழைந்தவன் என்பதொன்றே அவனிடம் குறை. மரண நதியில் யாத்திரிகன் பயந்து மூழ்கப்போய், தோழன் தாங்கிப்பிடிக்கத் தத்தளித்துக் கரை சேர்கிறான். அறிவீனனையோ வீண்நம்பிக்கை என்னும் ஓடக்காரன் சிரமமின்றி அக்கரையில் இறக்கிவிடுகிறான். வாசலில் அத்தாட்சிச் சுருளைக் கேட்கிறார்கள். மடியைத் துழாவிப் பார்க்கிறான், ஒன்றுமில்லை. மோட்சத்தின் வாசற்படியிலிருந்தும் நரகத்துக்கு ஒரு வழியிருப்பதை அப்போது ஆசிரியர் காண்கிறார்.

இது கொடுமையல்லவா என்று மனம் பதறும். முதற்பாகத்தின் முடிவில் வரும் அந்தப் பக்கத்தைப் பலர் தாண்டிவிடுவதற்கும் காரணம் அதுவே. நீங்கள் தாண்டவேண்டாம். யாத்திரிகனிடம் இருந்த சுருள், அவன் சுமை கழன்றபோது, கேளாமலே கொடுக்கப்பட்டது. அறிவீனன் தன் புண்ணியமே போதுமென்று இருந்தபடியால் அதனை வாங்கிக்கொள்ள ஒருபோதும் வரவில்லை. அந்தப் பக்கத்தை முடித்தவுடன், சிலுவைப் பகுதியை மறுபடியும் ஒருமுறை திருப்பி வாசியுங்கள்.