ஓநாய் முகம் வேண்டிய சிறுமி: எமில் ஃபெரிஸின் வரைகதையில் அச்சமும் அழுகையும்

அச்சத்தைப் பொருளாகக் கொண்ட படைப்புகளை இலக்கியத்தின் வாசலுக்கு வெளியே நிறுத்தி வைப்பது நம் திறனாய்வு மரபில் பெரும்பாலும் காணப்படும் வழக்கம். அப்படைப்பு படங்களால் ஆனதாகவும் இருந்துவிட்டால் விலக்கு இருமடங்காகின்றது. இவ்விரு விலக்குகளுக்கும் ஒருங்கே உள்ளாகக்கூடிய ஒரு நூலைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் துணைகொண்டு வாசித்துப் பார்க்க இங்கு முற்படுகின்றோம். அந்நூல் அமெரிக்க ஓவியர் எமில் ஃபெரிஸ் எழுதி வரைந்த 'மை ஃபேவரிட் திங் இஸ் மான்ஸ்டர்ஸ்' என்பதாகும். அதன் முதல் நூல் 2017ஆம் ஆண்டிலும் இரண்டாம் நூல் 2024ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. முதல் நூல் 2018இல் மூன்று ஐஸ்னர் விருதுகளையும் 2019இல் பிரான்சின் அங்கூலேம் விழாவில் ஆண்டின் சிறந்த நூலுக்கான பரிசையும் பெற்றது. நம் கவனம் பெரிதும் முதல் நூலின் மீதே அமைகின்றது.

முதலில் சொற்களைப் பற்றிச் சிறிது கூற வேண்டியுள்ளது. 'கிராஃபிக் நாவல்' என்பதை அப்படியே ஒலிபெயர்த்து வழங்குவோரும் உளர்; சித்திரக்கதை, வரைகதை என்று சுட்டுவோரும் உளர். வரைதலும் கதைத்தலும் ஒரே செயலாக இந்நூலில் நிகழ்வதால் வரைகதை என்னும் சொல்லையே நாம் ஏற்கின்றோம். 'மான்ஸ்டர்' என்பதற்கு நிகரான சொல் காண்பதுதான் கடினம். பேய் என்றால் இறந்தோரின் ஆவி முன்னிற்கின்றது. அரக்கர் என்றால் ஒரு குலம் முன்னிற்கின்றது. பூதம் என்றால் சிவகணமும் காவிரிப்பூம்பட்டினத்துச் சதுக்கப் பூதமும் நினைவுக்கு வருகின்றன. ஓநாய் மனிதன், இரத்தம் குடிக்கும் பிரபு, பிணத்துண்டுகளால் ஆன மனிதன் ஆகிய மூவரையும் ஒருசேரச் சுட்டும் சொல் நம்மிடம் வழக்கில் இல்லை. ஆகவே 'கோர உரு' என்று பொதுமைப்படக் கூறி மேற்செல்கின்றோம்.

கதை 1968ஆம் ஆண்டு சிகாகோவின் அப்டவுன் பகுதியில் நிகழ்கின்றது. பத்து வயதுச் சிறுமி கேரன் ரேயஸ், தாயுடனும் டீஸ் என்று அழைக்கப்படும் அண்ணனுடனும் ஓர் அடித்தளக் குடியிருப்பில் வசிக்கின்றாள். தந்தை உடன் இல்லை. காதலர் தினத்தன்று மாடியில் வாழ்ந்த ஆங்கா சில்வர்பர்க் என்னும் பெண்மணி நெஞ்சில் குண்டு பாய்ந்து இறந்துகிடக்கின்றார். காவல்துறை தற்கொலை என்று முடிவு கட்டுகின்றது. கேரன் அதனை ஏற்கவில்லை. நீண்ட மேலங்கியும் தொப்பியும் அணிந்து துப்பறிவாளராகத் தன்னைக் கற்பித்துக்கொண்டு விசாரிக்கத் தொடங்குகின்றாள். ஆங்கா பதிவுசெய்து வைத்த ஒலிநாடாக்கள் நாஜி ஆட்சிக்கால ஜெர்மனியில் அவர் பட்ட துயரங்களை எடுத்துரைக்கின்றன. இதற்கிடையே தாய்க்குப் புற்றுநோய் என்பது தெரியவருகின்றது. அண்ணனோ எதையோ மறைக்கின்றான். விக்டர் என்னும் ஒரு பெயரைச் சுற்றி அவ்வீட்டில் மௌனம் சூழ்ந்துள்ளது.

தொல்காப்பியர் அச்சம் தோன்றும் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கினைச் சுட்டுவதை நாம் அறிவோம். அந்நான்கும் இந்நூலில் இடம்பெறுவது வியப்பளிக்கின்றது. கேரன் வரையும் திகில் இதழ்களின் அட்டைப்படங்களில் அணங்கு உண்டு. அவள் பூணும் ஓநாய் முகத்தில் விலங்கு உண்டு. குடியிருப்பின் உரிமையாளரைச் சூழ்ந்துள்ள குற்றக் கும்பலில் கள்வர் உண்டு. ஆங்காவின் நினைவுகளில் மக்களை முகாம்களுக்கு அனுப்பிய அரசு உண்டு. எனினும் ஃபெரிஸ் இவற்றை ஒரே தட்டில் வைக்கவில்லை. முதலிரண்டும் கேரனுக்கு அச்சம் தருவதில்லை. மாறாக, ஆறுதல் தருகின்றன. தோற்றத்தால் பிறரை அஞ்சச் செய்யும் கோர உருக்கள் நல்லவை என்றும், உலகைத் தன் பிடியில் வைத்துக்கொள்வதற்காகவே அஞ்சச் செய்பவை தீயவை என்றும் அவள் பகுத்துக் கொள்கின்றாள். இப்பகுப்பு குழந்தைத்தனமானது என்று ஒதுக்கத்தக்கது அன்று. அணங்கும் விலங்கும் ஒரு பக்கம், கள்வரும் இறையும் மறுபக்கம் எனக் கோடு கிழிக்கும் ஒரு சிறுமியின் அறம் அது.

அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகியவை நிலைக்களன்கள். இந்நூலில் அச்சத்தின் நான்கும் வெளிப்படையாக வரையப்பட, அழுகையின் நான்கும் அவற்றின் பின்னே ஒளிந்து நிற்கின்றன. பள்ளியில் படும் இழிவு, ஆங்காவின் வீழ்ச்சி, அடித்தள வீட்டின் வறுமை ஆகிய அனைத்தையும் கடந்து இழவு ஒன்றே நூலை ஆட்கொள்கின்றது. கேரன் ஓநாய் மனிதனாக விரும்புவதற்கான காரணமும் அங்கேதான் உள்ளது. கோர உருக்களுக்கு மரணம் இல்லை. தன்னை ஏதேனும் ஒன்று கடித்துவிட்டால், தான் தன் தாயையும் அண்ணனையும் கடித்து, மூவரும் சாவின்றி ஒன்றாக வாழலாம் என்பது அவள் கணக்கு. திகில் கதைகளில் கடிபடுதல் சாபமாகக் கருதப்படுவது. இங்கு அது மருந்தாக வேண்டப்படுகின்றது. அம்மருந்து கிடைப்பதில்லை. தாய் இறக்கின்றாள்.

இவ்விடத்தில் நமக்குக் காரைக்காலம்மையார் நினைவுக்கு வருவது இயல்பு. கணவனுக்காகத் தாங்கிய அழகை உதறிப் பேயுருவை இறைவனிடம் வேண்டிப் பெற்றவர் அவர். பிறர் அஞ்சும் உருவைத் தானே விரும்பி ஏற்றல் என்னும் அளவில் இருவரும் அருகருகே நிற்கின்றனர். கேரனுக்கும் பெண் என்னும் தோற்றம் பொருந்தாத ஆடையாகவே உள்ளது. தன் மனம் பெண்களையே நாடுகின்றது என்பதை அவள் அண்ணனிடம் சொல்லும் பகுதி நூலின் மென்மையான பகுதிகளுள் ஒன்று. ஆயினும் ஒப்புமை அத்துடன் நின்றுவிடுகின்றது. அம்மையார் பேயுருப் பெற்றது குடும்பக் கட்டிலிருந்து விடுபடுவதற்கு. கேரன் ஓநாயுரு வேண்டுவதோ குடும்பத்தைக் கைவிடாதிருப்பதற்கு. வேண்டியவருள் ஒருவருக்கு அது அருளப்பட்டது; மற்றவர் அதைத் தாமே பேனாவால் வரைந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மவுஸ்' என்னும் வரைகதையை அறிந்தோர், அங்கும் மாந்தர் விலங்கு முகத்துடன் வருவதைச் சுட்டக்கூடும். அங்கே எலி முகம் ஓர் இனத்தின் மீது பிறர் சுமத்தியது. இங்கே ஓநாய் முகம் ஒருத்தி தனக்கென்று தேர்ந்துகொண்டது. பிறர் கண்ணுக்குத் தெரியும் கேரனை நாம் ஏறத்தாழ நூல் முழுவதும் காண்பதே இல்லை. பிற்பகுதியில் அண்ணன் அவளைக் கண்ணாடியின் முன் நிறுத்தும்போதுதான் ஒரு சாதாரணச் சிறுமியின் முகம் வெளிப்படுகின்றது. பல நூறு பக்கங்கள் ஓநாயைப் பார்த்துப் பழகிய நமக்கு அந்த மனித முகமே அந்நியமாகத் தோன்றுகின்றது. இந்நூலில் நம்மைத் திடுக்கிட வைத்த இடம் எதுவென்று கேட்டால் இரத்தம் தோய்ந்த பக்கங்களை அன்று, இந்தப் பக்கத்தையே சுட்டுவோம்.

நூலின் வடிவம் பற்றித் தனியே கூறியாக வேண்டும். இது கேரனின் பள்ளிக் குறிப்பேடாகவே நமக்கு அளிக்கப்படுகின்றது. நீலக் கோடிட்ட தாள், கம்பிச்சுருளுக்கான துளைகள், பந்துமுனைப் பேனாவின் குறுக்கும் நெடுக்குமான நுண்கோடுகள். பக்க எண்கள் இல்லை. மேற்கோள் காட்ட விரும்பும் ஆய்வாளருக்கு இது பெருந்தொல்லை. நாமும் அத்தொல்லையைப் பட்டோம். படக்கட்டங்கள் வரிசையாக அமையாது, முகங்கள் தாள் முழுதும் பரவி நிற்க, எழுத்துகள் கிடைத்த இடைவெளியில் புகுந்து செல்கின்றன. சிகாகோ கலைக்கூடத்தில் அண்ணனுடன் கண்ட ஓவியங்களைக் கேரன் அதே பேனாவால் பெயர்த்து வரைகின்றாள். மறைக்கப்பட்ட செய்திகள் நிறைந்த ஒரு வீட்டில், பார்த்ததைப் பார்த்தபடி வைத்துக்கொள்ள அவளுக்குக் கிடைத்த ஒரே இடம் இக்குறிப்பேடு. தாளின் நீலக் கோடுகள் எழுதுவதற்கானவை. அவள் அவற்றின் மீதே படம் வரைகின்றாள். இந்த மீறல் பக்கத்துக்குப் பக்கம் கண்முன் நிற்கின்றது.

ஃபெரிஸ் தம் நாற்பதாம் வயதில் கொசுக்கடியால் மேற்கு நைல் நோய்க்கு ஆளாகி, இடுப்புக்குக் கீழே செயலிழந்து, வலக்கையும் பயனற்றுப் போக, பேனாவைக் கையில் ஒட்டுநாடாவால் கட்டி மீண்டும் வரையக் கற்றவர். இச்செய்தியை நூலின் சிறப்புக்குச் சான்றாகக் காட்டுவோர் பலர். ஆசிரியரின் துன்பம் நூலின் தரத்துக்கு அளவுகோல் ஆகாது என்பதே நம் கருத்து. எனினும் ஒரு கடி ஒருவரின் உடலை மாற்றிவிடும் என்பதை இவர் கற்பனையால் மட்டும் எழுதவில்லை என்பதை மறுப்பதற்கில்லை.

குறைகளும் உள. துப்பறியும் இழை அடிக்கடி கைநழுவிப் போகின்றது. யார் கொன்றார் என்னும் வினா பல இடங்களில் மறக்கப்பட்டு, பின்னர் நினைவூட்டப்படுகின்றது. இரண்டாம் நூல் அண்ணனின் மறைவாழ்வை மேலும் திறந்து காட்டினும், நேரிய விடையை எதிர்பார்ப்போர் மனநிறைவு அடையார். அதனினும் பெரிய ஐயம் ஆங்காவின் ஒலிநாடாக்களைப் பற்றியது. குழந்தைகள் விற்கப்படும் விடுதி ஒன்றின் கதையைப் பத்து வயதுச் சிறுமி கேட்பதாக அமைத்தது, அவளது துயரத்துக்குத் துணையா, அல்லது அதனைச் சிறிதாக்கிவிடுகின்றதா? இனப்படுகொலையின் அருகில் வைக்கப்படும் ஒரு தாயின் நோய்ச்சாவு தன் எடையை இழக்கும் அபாயம் உண்டு. ஃபெரிஸ் இவ்வபாயத்திலிருந்து முழுவதும் தப்பவில்லை. இறந்த ஆங்காவின் முகத்தை நீல நிறத்தில் மீண்டும் மீண்டும் அவர் வரையும்போது அத்துயரம் அழகாகிவிடுகின்றதோ என்னும் நெருடலும் எழுகின்றது. மாறாக, தாயின் கடைசி நாள்களைக் கூறும் பக்கங்களில் வண்ணமும் ஆரவாரமும் இல்லாமலே நாம் கலங்குகின்றோம்.

இந்நூலைப் பள்ளி மாணவரிடம் கொடுக்க இயலாது. மேற்சொன்ன பகுதிகளே தடையாகும். பல்கலைக்கழக மாணவருக்கும் முன்னறிவிப்புடனேயே அளிக்க வேண்டும். ஆனால் ஆசிரியர்கள் வாசிக்க வேண்டிய நூல் இது எனத் தயக்கமின்றிக் கூறுவோம். மரணத்தைப் பற்றிய கட்டுரை என்றால் கண்ணீர் ஆறாய்ப் பெருகியது, இடி விழுந்தாற்போல் இருந்தது என மனனம் செய்த தொடர்களை அடுக்கும் விடைத்தாள்களை நாம் ஆண்டுதோறும் திருத்துகின்றோம். அத்தொடர்களுக்கு மதிப்பெண்ணும் இடுகின்றோம். கேரனின் குறிப்பேட்டை ஒருவர் நம் மேசையில் வைத்தால், மொழிவளத்துக்கு எத்தனை, கருத்துக்கு எத்தனை என்று எந்த இடத்தில் தொடங்குவோம் என்பதை எண்ணிப் பார்க்கலாம். பக்க ஓரத்தில் ஓநாய் ஒன்று அமர்ந்திருக்கும். கோட்டுக்கு வெளியே எழுதியதற்காகவே சிவப்பு மை அதைச் சுற்றி வளைக்கும்.