கோச் இல்லாத கதை

தமிழ் சினிமாவில் ஒரு பெண் விளையாட வேண்டுமென்றால் முதலில் ஒரு ஆண் கோச் வேண்டும். 'இறுதிச்சுற்று' (2016) மாதவன், 'கனா' (2018) சிவகார்த்திகேயன், 'பிகில்' (2019) விஜய். கோச் திட்டுவார், பெண் அழுவாள், அப்புறம் வீறுகொண்டு எழுவாள். 'பிகில்'லில் ஒரு பெண்ணின் உடம்பைக் கேலி செய்வதையே ஊக்க மருந்தாகக் காட்டினார்கள். தியேட்டரில் அதற்கு விசில் வேறு. 'கனா' கொஞ்சம் தேவலை. அதில் கௌசல்யா ஊர்ப் பையன்களோடு சேர்ந்து ஆடித்தான் கிரிக்கெட் கற்றுக்கொள்கிறாள். எனக்குப் பிடித்த பகுதி அதுதான். படத்துக்கு என்னவோ அது வெறும் படிக்கட்டு; ஏறி முடித்ததும் இந்திய அணி, கோப்பை என்று போய்விடுகிறது.

'175 கிராம்ஸ்' என்ற குறும்படத்தை உங்களில் எத்தனை பேர் பார்த்திருப்பீர்களோ தெரியாது. பரத் மிர்லேயும் அரவிந்த் ஐயரும் எடுத்தது. 2015-ல் சன்டான்ஸ் வரை போய் வந்தது. சென்னையின் 'ஃப்ளைவைல்ட்' என்ற அல்டிமேட் ஃப்ரிஸ்பீ அணியைப் பற்றிய படம். 175 கிராம் என்பது அந்தத் தட்டின் எடை.

ஆட்டம் சுலபம். பக்கத்துக்கு ஏழு பேர். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது, எதிராளி பத்து எண்ணி முடிப்பதற்குள் வீசிவிட வேண்டும். கடைசி எல்லைக்குள் நம் ஆள் பிடித்தால் பாயிண்ட். அம்பயர் கிடையாது, ஃபவுலை ஆடுகிறவர்களே சொல்லிப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். (நம் ஊரில் இதை நினைத்துப் பாருங்கள்!) 1968-ல் நியூஜெர்சியில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆரம்பித்து வைத்தது. கலப்பு அணி என்றால் ஒரு பாலார் நாலு, மற்றவர் மூணு.

பணக்காரன், ஏழை, ஆண், பெண் என்ற சுவர்களை இந்தத் தட்டு இடிக்கிறது என்கிறது படம். நல்ல படம்தான், பார்த்தால் மனசு லேசாகும். ஆனால் சுவர் இடிந்ததோடு படம் முடிந்துவிடுகிறது. பெண் மைதானத்துக்குள் வந்த பிறகு என்ன ஆகிறது?

சைதாப்பேட்டையில் ஒரு ஞாயிறு காலை கல்லூரிப் பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்தேன். ஒரு பெண் சளைக்காமல் ஓடினாள். பக்கத்தில் யாருமில்லாத இடத்தில் போய் நின்று கை தூக்கினாள், ஏழெட்டுத் தடவை. தட்டு வைத்திருந்த பையன் அவளைப் பார்த்தான். பார்த்துவிட்டு, ரெண்டு பேர் நடுவில் மாட்டிக்கொண்டிருந்த தன் சிநேகிதனுக்கு வீசினான். போச்சு. "ஸாரிடா மச்சி!" அவளுக்கு ஸாரி கூடக் கிடையாது. ஒரே ஒரு தடவை தட்டு வந்து, காற்றில் நழுவி விழுந்ததும் எல்லோரும் "பரவால்ல, பரவால்ல" என்று கைதட்டினார்கள். குழந்தைக்குத் தட்டுவது மாதிரி.

இதில் அநியாயம் பாதி, அசட்டுத்தனம் பாதி. கலப்பு ஆட்டத்தில் பெரும்பாலும் பெண்ணைப் பெண்தான் காவல் காப்பாள். இவளுக்குத் தட்டு வராது என்று தெரிந்ததும் காவல்காரி என்ன செய்வாள்? இவளை விட்டுவிட்டு, பையன்களின் வழியில் போய் மறித்துக்கொண்டு நிற்பாள். மூணு பெண்களுக்கும் இதே கதி என்றால், நாலு பேர் ஏழு பேரோடு ஆடுகிறார்கள் என்று அர்த்தம். இதற்குப் பெயர் ஜெயிக்கிற வெறியாம்!

சில அமெரிக்கக் கல்லூரிகளின் கலப்பு ஃப்ளாக் ஃபுட்பாலில் ஒரு விதி உண்டு. பெண் டச்டவுன் எடுத்தால் ஆறுக்குப் பதில் ஒன்பது பாயிண்ட். எனக்கு இதில் சம்மதமில்லை. அவளை லாட்டரிச் சீட்டாக்குகிற வேலை. 1902-ல் ஹாலந்தில் ஒரு வாத்தியார் உருவாக்கிய கார்ஃப்பால் இதைவிட யோக்கியம். நாலு ஆண், நாலு பெண். பந்தோடு ஓட முடியாது. ஆணை ஆணும் பெண்ணைப் பெண்ணும்தான் மறிக்கலாம். யாரையும் ஒதுக்கி வைத்து ஆட முடியாதபடி விதியே அமைந்திருக்கிறது.

ஃப்ரிஸ்பீயில் அந்த வேலையை வீசுகிறவன் கண்தான் செய்ய வேண்டும். வீசுகிற இடத்தில் பெண்ணை நிறுத்துங்களேன். எப்போது பார்த்தாலும் அவளை ஓடிப் பிடிக்கவே அனுப்பினால் மணிக்கட்டு எப்போது பழகும்? சைட் த்ரோ நூறு தரம் வீசினால்தான் காற்றை மீறிப் போகும். ஆட்டத்துக்கு ஒன்று வீசினால் போகாது.

வெளியே இருக்கிற தடைகள் உங்களுக்குத் தெரிந்தவைதான். மைதானத்தில் பாத்ரூம் இருக்காது. "வெயில்ல கறுத்துப்போனா யாருடி கட்டிப்பான்?" என்று அம்மா. பையனும் பெண்ணும் பேசினாலே ஐ.டி. கார்டைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும் கல்லூரிகள் இருக்கிற ஊர் இது. இத்தனையும் தாண்டி, காலை ஆறு மணிக்குப் பெசன்ட் நகர் பீச்சுக்குப் பஸ் பிடித்து வருகிறவளைத்தான் அவன் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்கிறான்.

எண்ணிக்கை ஏழு, எட்டு. பையன் கையில் தட்டு. அவள் தனியாக ஓடுகிறாள். அவன் கண் அவள் மேல் போகிறது, விலகுகிறது, மறுபடி போகிறது. ஒன்பது. கோச் இல்லை, பாட்டு இல்லை. இந்த ஒரு ஷாட்டுக்காக யாராவது முழுநீளப் படம் எடுத்தால் பிளாக்கில் டிக்கெட் வாங்கியாவது பார்த்துவிடுவேன்.