ஏசாயா 25:8 – 'விழுங்கு' என்னும் வினை

ஏசாயா 25:8-இல் இறைவன் சாவை விழுங்குவார் என்கிறது எபிரேய மூலம். ஆங்குள்ள 'லாநெட்சஹ்' என்பது 'என்றென்றைக்கும்' எனப் பொருள்படும். அரமேயத்தில் அவ்வேர் வெற்றியையும் குறிக்கும். 1 கொரிந்தியர் 15:54 வெற்றிப்பொருளையே கொள்கிறது. தமிழின் பழைய மொழிபெயர்ப்பு ஏசாயாவிலும் 'ஜெயமாக' என்றே பெயர்ப்பதால் காலப்பொருள் மறைகிறது. 1995-ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பு அதனை மீட்கிறது. ஆயின் 'விழுங்கு' என்பதனை 'ஒழி' என மாற்றிவிடுகிறது. இவ்விழப்பே பெரிது. ஏசாயா 5:14-இல் வாயை அகலத் திறந்து மாந்தரை விழுங்குவது பாதாளம். உகரித்துப் பனுவல்களிலும் விழுங்குவோன் மோத் என்னும் சாவே. விழுங்கியதே விழுங்கப்படுகிறது என்னும் மாற்றத்தில்தான், பின்வரும் கண்ணீர் துடைத்தலுக்கான நம்பிக்கை வேர்கொண்டுள்ளது. 'விழுங்கு' தமிழில் இயல்பான வினையே; அதனைக் கைவிட மொழிசார்ந்த தேவை ஏதுமில்லை. இனிவரும் பெயர்ப்புகள் காலப்பொருளோடு இவ்வினையையும் காத்தல் வேண்டும்.