வீட்டுத்திரையும் பார்வையாளர் அபிப்பிராயமும் – ஒரு நோக்கு

ஒரு திரைப்படம் வீட்டில் ஓடி முடிந்ததும் அதனைப் பார்த்திருந்தோர் கூறும் சொற்கள் மிகச் சிலவே. "நல்ல படம்", "பரவாயில்லை", "சரியான இழுவை" என்பவற்றுள் ஒன்றுடன் தீர்ப்பு முடிந்துவிடுகின்றது. கலை விமர்சனம் பற்றிப் பேசுவோர் இத்தகைய அபிப்பிராயங்களைப் பொருட்படுத்துவதில்லை. பாமர இரசனை என்று கூறி ஒதுக்கிவிடுகின்றனர். ஆயினும் ஒரு படைப்பு நிலைப்பதும் மறைவதும் ஏடுகளில் வெளிவரும் கட்டுரைகளிலும் பார்க்க இச்சிறு தீர்ப்புகளாலேயே பெரிதும் நிர்ணயிக்கப்படுகின்றன. ஆதலின் இவ்வபிப்பிராயங்கள் எவ்வாறு உருவாகின்றன, எதனைக் காண்கின்றன, எதனைக் காணத் தவறுகின்றன என ஆராய்தல் விமர்சனத்தின் கடமைகளுள் ஒன்றாகும்.

இலங்கையில் 1979 இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982 இல் ரூபவாஹினியும் தமது ஒளிபரப்பைத் தொடங்கின. அதே காலப்பகுதியில் வீடியோ நாடாக்களும் பரவலாயின. தியேட்டரின் இருளும் கொடுத்த கட்டணமும் பார்வையாளனை ஓரிடத்தில் இருத்தி வைத்தன. வீடோ அவ்வாறு செய்வதில்லை. ஆயினும் வீட்டிலே பார்ப்பது என்றும் இன்றுபோல் எளிதாக இருந்ததில்லை. 1990 இன் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போன காலத்தில், மின்பிறப்பாக்கியையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் 'டெக்'கையும் வாடகைக்கு எடுத்து, அயலவர் ஒன்றுகூடி இரவிரவாகப் படம் பார்த்தனர். எரிபொருள் அரிதாயிருந்த அந்நாட்களில் ஒரு படத்தைப் பார்ப்பதற்கு விலையிருந்தது. ஆதலின் அது பற்றிய பேச்சும் மறுநாள் கிணற்றடிவரை நீண்டது. இன்றோ கைப்பேசியில் தொடங்கிய படத்தைப் பத்து நிமிடத்திற் கைவிட்டு வேறொன்றுக்குத் தாவலாம். முடிவுவரை பார்க்காத படத்துக்கும் தீர்ப்பு வழங்கப்படுகின்றது.

வீட்டு அபிப்பிராயம் முதலிற் பற்றிக்கொள்வது கதைமாந்தரின் ஒழுக்கத்தையே. தொலைக்காட்சித் தொடரில் வரும் மாமியார் பக்கத்து வீட்டுப் பெண்ணைப்போலக் கண்டிக்கப்படுகிறாள். மருமகளுக்காகக் கண்ணீர் சிந்தப்படுகின்றது. இதனை அறியாமை எனக் கொள்ளுதல் பொருந்தாது. சமையலுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் இடையிற் பார்க்கப்படுவதற்கென்றே இத்தொடர்கள் ஆக்கப்படுகின்றன. நடந்ததையே மீண்டும் உரைக்கும் உரையாடல், அதிர்ச்சியை அறிவிக்கும் இசை, முகங்களை மாறிமாறிக் காட்டும் காட்சிகள் யாவும் அடுப்படியில் நிற்பவருக்கும் கதை விளங்குவதற்கான உத்திகளாம். திரையில் வேறெதுவும் காட்டப்படாதபோது பார்ப்பவர் ஒழுக்கத்தைப் பற்றியன்றி வேறெதைப் பற்றிப் பேசுவர்?

மறுபுறம், பயின்ற விமர்சகனுக்கு எட்டாத ஒன்று சில வேளைகளில் வீட்டுப் பார்வையாளருக்கு எட்டிவிடுகின்றது. 2000 இல் வெளிவந்த 'தெனாலி'யில் கமல்ஹாசன் எதற்கும் அஞ்சும் இலங்கைத் தமிழனாக நடித்தார். தமிழக இரசிகர்களுக்கு அப்பேச்சு ஒரு புதுமை, நகைச்சுவைக்கு உரம். அதே படத்தை யாழ்ப்பாணத்து வீடொன்றில் இருந்து பார்க்கும் மூதாட்டி, "உது எங்கட கதை இல்லை" என்று கூறிவிடின், அவர் இரண்டு செய்திகளைக் கூறியவராவார். ஒன்று, செவியால் அறிந்த மொழிநடையின் பிழை. மற்றையது, போரினால் விளைந்த அச்சம் சிரிப்புக்குரிய பொருளாக்கப்பட்டமை. முதலாவது, நடிப்புப் பற்றிய மதிப்பீடு. இரண்டாவது, படைப்பின் நோக்குப் பற்றிய மதிப்பீடு. விமர்சனத்துக்கு வேண்டிய கரு இவ்வொற்றை வாக்கியத்தில் அடங்கியுள்ளமை வெளிப்படை. அதே வீட்டில் இளையோர் வாய்விட்டுச் சிரிக்கவுங்கூடும் என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஆனால் அனுபவத்திலிருந்து பிறக்கும் அபிப்பிராயமும் பழக்கத்திலிருந்து பிறக்கும் அபிப்பிராயமும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை உணராமையால் ஈழத்துத் தமிழ்ச் சினிமா பெரும் இழப்பை அடைந்தது. தர்மசேன பத்திராஜா இயக்கிய 'பொன்மணி' 1977 இல் திரையிடப்பட்டது. சீதனமும் சாதியும் நெரிக்கும் யாழ்ப்பாணக் குடும்ப வாழ்வை அது நிதானமாக, ஆரவாரமின்றிக் காட்டியது. வசூலில் அது வெற்றி பெறவில்லை. தென்னிந்திய வணிகப் படங்களின் வேகத்துக்கும் பாடலுக்கும் பழகிய கண்ணுக்கு அதன் அமைதி வெறுமையாகத் தோன்றியதில் வியப்பில்லை. "இழுவை" என்ற சொல் இங்குதான் ஆபத்தானதாகின்றது. அது படத்தைப் பற்றிக் கூறுவதுபோலத் தோன்றினும் உண்மையிற் பார்ப்பவரின் பழக்கத்தைப் பற்றியே கூறுகின்றது. தன் வாழ்வையே காட்டிய படத்தை அந்நியமெனக் கருதுமாறு ஒரு சமூகத்தின் கண் பழக்கப்பட்டிருந்தது.

இதற்கு மாற்று யாது? கூத்துக் களரியைச் சூழ்ந்திருந்த மக்களை இங்கு நினைத்தல் தகும். கர்ணனின் முடிவு அவர்களுக்கு முன்னரே தெரியும். ஆகவே அடுத்து என்ன நிகழும் என்ற ஆவல் அவர்களை இருத்தி வைக்கவில்லை. ஆட்டம் தாளத்துக்கு இசைந்ததா, பாட்டு உரிய இடத்தில் உயர்ந்ததா என்பனவே அவர்களின் கவனத்தைப் பெற்றன. எழுத்தறியாதாரும் அங்கு நுட்பமான விமர்சகராயிருந்தனர். கதை தெரிந்த பின்னரே கலை தெரியத் தொடங்குகின்றது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

வீட்டுத்திரை தியேட்டரின் ஒருமுகப்பாட்டைப் பறித்ததாயினும் கூத்துக் களரியின் இவ்வாய்ப்பைத் திருப்பித் தந்துள்ளது. ஒரே படத்தைப் பலமுறை பார்க்கலாம். விரும்பிய இடத்தில் நிறுத்தலாம். ஒரு காட்சிக்கு மீளச் செல்லலாம். அன்று 'பொன்மணி'யை ஒரு முறை பார்த்துக் கைவிட்டவர்க்கு இவ்வசதி இருக்கவில்லை. இன்றைய பார்வையாளருக்கு உண்டு, பயன்படுத்துவோர் குறைவு.

எனவே வீட்டு அபிப்பிராயத்தை இகழ்வதும் அதுவே இறுதியெனப் போற்றுவதும் ஒருபாற் கோடலாகும். "இழுவை" என்று ஒருவர் கூறும்போது, எக்காட்சியில், எதனால் என்று அருகிருப்பவர் கேட்பாராயின், அவ்விடத்திலேயே விமர்சனம் தொடங்கிவிடுகின்றது. அக்கேள்வியைப் பல்கலைக்கழக விரிவுரை மண்டபங்களிற் கற்போர் தம் வீட்டுக் கூடத்திலும் கேட்கப் பழகுதல் வேண்டும். அதற்கு விடையாக வரும் சொற்கள் கற்ற நூல்களில் இல்லாதனவாயிருப்பின் அவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுதலும் வேண்டும்.