கழுவிய கைகள்

பொய்ப்பழி சுமந்தவர் தூய மனச்சான்றோடு வேண்டுவது எங்ஙனம் என்பதற்கு 26ஆம் திருப்பாடல் சிறந்ததோர் இலக்கணம் எனலாம். தமக்குத் தீர்ப்பு வழங்குமாறும், தம் உள்ளத்தைச் சோதித்தறியுமாறும் பாடகர் ஆண்டவரையே அழைக்கிறார்.

இது தற்பெருமை அன்றோ, லூக்கா நற்செய்தியின் பரிசேயரும் இவ்வாறுதானே நின்றார் எனச் சிலர் வினவலாம். பரிசேயர் தம் தீர்ப்பைத் தாமே எழுதி வந்தவர். பாடகரோ சோதனைக்குத் தம்மைக் கையளிப்பவர். மாசின்மையைச் சொல்லிய அதே நாவால், இறுதியில் மீட்பையும் இரக்கத்தையும் அவர் இரந்து கேட்கிறார். ஆகவே, தாம் பாவமே அறியாதவர் என்பது அவர் வாதமன்று. தம்மீது சுமத்தப்பட்ட பழியையே மறுக்கிறார்.

பாடலின் நடுவில் அவர் கைகளைக் கழுவிப் பலிபீடத்தை வலம் வருகிறார். மத்தேயு நற்செய்தியில் பிலாத்துவும் கைகழுவுகிறான். செயல் ஒன்றே, பொருள் வேறு. ஒருவர் தீர்ப்பின்முன் நிற்பதற்காகக் கழுவுகிறார். மற்றவன் தீர்ப்பின் பொறுப்பிலிருந்து நழுவுவதற்காகக் கழுவுகிறான்.

1970இல் புதிய திருப்பலி நூல் வெளிவருமுன், குரு கைகழுவுகையில் இப்பாடலின் பகுதியையே சொல்லி வந்தார். இன்றோ, 51ஆம் திருப்பாடலின் வழியில், தம் பாவத்தைக் கழுவுமாறு வேண்டுகிறார். இரண்டும் நமக்கு வேண்டும் என்பதே நம் கருத்து. 51 இன்றி 26ஐச் சொன்னால் செருக்கு முளைக்கும். 26ஐ மறந்து 51ஐ மட்டும் சொன்னால், செய்யாத குற்றத்தையும் தாழ்ச்சியின் பெயரால் ஏற்கும் மயக்கம் நேரும். பொய்யை ஏற்பது தாழ்ச்சியாகாது.

மனிதர் தீர்ப்பு மாறக்கூடியது என்பதற்கு நம் பகுதியே சான்று. இராஜீவ் காந்தி கொலை வழக்கில், 1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லித் தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களுள் 19 பேரைக் கொலைச் சதிக் குற்றத்திலிருந்து விடுவித்தது. இடைப்பட்ட நாள்களில் அவர்கள்முன் இருந்தது தூக்குக் கயிறு.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில், எடுக்காத பொருளுக்காகப் பணியிடை நீக்கம் பெற்று உள்விசாரணைக்குக் காத்திருக்கும் தொழிலாளிக்கும் இப்பாடல் உரியது. அவர் சங்கத்தையும் வழக்கறிஞரையும் நாடட்டும். இறைவேண்டல் அதற்குத் தடையன்று. அயலார் பார்வை மாறிய தெருவிலும் தலைநிமிர்ந்து நடக்க, அவருடைய உள்ளத்தை அறிந்த ஒருவர் இருக்கிறார் என்னும் உறுதியை இப்பாடல் தரும்.

அவரை அறிந்த நாமோ, விசாரணை முடியட்டும் என்று ஒதுங்கி நின்றால், நம் கைகள் யாருடைய கைகள்?