முன்பின் தெரியாத தோழர்கள்

புதிதாக ஓர் ஆன்லைன் ஆர்பிஜி ஆட நினைப்பவர் முதலில் டிரெய்லரைத்தான் பார்க்கிறார். டிராகன் தீ உமிழும், கோட்டை சரியும், வாள் மின்னும். இவை எல்லா ஆட்டத்திலும் உண்டு என்பதால் தேர்வுக்கு உதவாது. ஆண்டுக்கணக்கில் தங்கப்போகும் ஓர் உலகத்தின் தரம், அங்கே முன்பின் தெரியாத ஒருவர் எதிரே வரும்போது தெரியும். அவரைக் கண்டதும் மகிழ்ச்சி வருகிறதா, எரிச்சலா, பயமா? அந்த உணர்ச்சியைத் தீர்மானிப்பது ஆட்டத்தின் விதிகள். ரசிக்க வேண்டிய கலையும் அங்கேதான் இருக்கிறது.

2012-இல் வந்த ‘கில்டு வார்ஸ் 2’ இதில் கைதேர்ந்தது. பல பழைய ஆட்டங்களில் அரக்கனை அதிகம் அடித்தவருக்கே பொருள். ஒருவர் வெட்டிய தாதுப் பாறை அடுத்தவருக்குக் கிடையாது. பக்கத்தில் ஆள் வந்தாலே வயிறு எரியும். அரீனாநெட் நிறுவனம் அதை அடியோடு மாற்றியது. சண்டையில் பங்கெடுத்த ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பரிசு, பாறையும் ஆளுக்கொன்று. விழுந்து கிடப்பவரை யார் வேண்டுமானாலும் தூக்கி நிறுத்தலாம், அதற்குப் புள்ளியும் உண்டு. அதனால் வழியே போகிறவர் நின்று கைகொடுக்கிறார். லெவல் வரம்பு, ஆட்டம் வந்த நாள் முதல் 80-தான். மாதச் சந்தா இல்லை. ஓராண்டு விட்டுவிட்டு வந்தாலும் பின்தங்கியதாகத் தோன்றாது. வேலை, குடும்பம் என்று இருப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது அரிது.

இதற்கு நேரெதிர் ‘ஈவ் ஆன்லைன்’. ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003 முதல் நடத்திவரும் விண்வெளி உலகம். சீனா தவிர மற்ற நாட்டினர் அனைவருக்கும் ஒரே சர்வர், ஒரே சந்தை. எதிரே வருபவர் உங்கள் கப்பலை உடைத்தால் உடைந்ததுதான், திரும்ப வராது. 2014 ஜனவரியில் ஆடுபவர்களின் கூட்டணி ஒன்று தன் விண்மண்டலத்துக்கான கட்டணம் போய்ச் சேராததைக் கவனிக்கவில்லை, மண்டலம் கைநழுவியது. எதிரிகள் பாய்ந்தார்கள். சண்டை 21 மணி நேரம் நீடித்தது, 7,000-க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள், ‘டைட்டன்’ எனப்படும் மாபெரும் கப்பல்கள் 75 அழிந்தன. நெரிசலைத் தாங்க சர்வர் ஆட்டத்தின் காலத்தையே பத்தில் ஒரு பங்கு வேகத்துக்குக் குறைத்தது. அந்தச் சிதைவுகளைச் சிசிபி அங்கேயே நினைவுச் சின்னமாக விட்டுவைத்தது. இழப்பு நிஜமாக இருப்பதால்தான் அங்கே நட்புக்கும் துரோகத்துக்கும் எடை இருக்கிறது. ஆனால் தனியாக ஆடுபவருக்கு ஈவ் ஏற்றதல்ல.

தமிழகத்திலிருந்து ஆடுபவர் சர்வரின் தூரத்தையும் பார்க்க வேண்டும். ‘ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்’ 0.6 வினாடிக்கு ஒரு துடிப்பாக இயங்குவதால் இணையத் தாமதத்தைப் பெரிதும் பொறுத்துக்கொள்ளும், போனிலும் ஓடும். 2007-இன் பழைய பிரதியிலிருந்து 2013-இல் மீட்கப்பட்ட அந்த ஆட்டத்தில், புதிய அம்சங்களைப் பெரும்பாலும் ஆடுபவர்களே வாக்களித்து அனுமதிக்கிறார்கள்.

எல்லாவற்றையும் எடைபோட்டால் புதியவருக்கு முதல் இடம் ‘ஃபைனல் ஃபேன்டஸி 14’க்குத்தான். 2010-இல் வெளிவந்து படுதோல்வி கண்ட ஆட்டம் இது. நவோகி யோஷிதா பொறுப்பேற்று, பழைய உலகத்தின் மீது டிராகனை ஏவி அழித்து, 2013-இல் புதிதாகக் கட்டினார். தொடக்கக் கதை நீளம், எடுபிடி வேலைகளும் அதிகம். அது உண்மையான குறை. ஆனால் அனுபவசாலிகளை, குழுவாக இறங்கிச் சண்டையிடும் பழைய டன்ஜன்களுக்குத் திரும்பத் திரும்ப அழைத்துவரும் ஏற்பாடு அதில் இருக்கிறது. குழுவில் முதல்முறை வருபவர் ஒருவர் இருந்தால் மற்றவர்களுக்குக் கூடுதல் பரிசு. புதியவர் அங்கே சுமையல்ல, வரவேற்கப்படும் விருந்தாளி.

இலவசச் சோதனையில் லெவல் 70 வரை போகலாம் என்று 2023-இல் அறிவித்தார்கள். நாள் கெடு கிடையாது. லெவல் 15-இல் ‘சஸ்தாஷா’ என்ற முதல் டன்ஜன் வரும். கணினி இயக்கும் துணைவர்களோடும் அதை முடிக்கலாம். அப்படிச் செய்யாதீர்கள், மூன்று நிஜ மனிதர்களோடு உள்ளே போய், அதன் பிறகு முடிவெடுங்கள்.