விழிஞ்ஞம் கடற்கரைத் தொழிற்சங்கங்கள்: சொல்லாட்சியும் உட்சங்கச் சனநாயகமும்

தொழிற்சங்கத்தின் சனநாயகம் தேர்தல் விதிகளால் மட்டும் அமைவதன்று. உறுப்பினர் யார், தலைவர் யார், மாற்றுக் கருத்தினர் யார் என்பதைச் சுட்டும் சொற்களும் அதனை வரையறுக்கின்றன. விழிஞ்ஞம் கடற்கரைச் சங்கங்களின் மலையாளச் சொற்களைத் தமிழாக்கும்போது இது புலனாகும்.

அங்குச் சங்கப் பெயர்களில் வழங்குவது 'மத்ஸ்ய தொழிலாளி' என்னும் தொடர். தமிழில் எளிதில் வந்தமைவது 'மீனவர்'. முன்னது தொழிலைச் சுட்டுகிறது; பின்னது தொழிலோடு பிறப்பையும் சுட்ட வல்லது. 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, சங்க நிருவாகிகளுள் பாதிக்குக் குறையாதோர் அத்தொழிலில் உண்மையாக ஈடுபட்டவராதல் வேண்டும் என விதித்தது. அதாவது தலைமைக்குரிய தகுதி பிறப்பன்று, தொழிலே. 'மீனவர்' எனப் பெயர்த்தால் கடலுக்குச் செல்லாத சமுதாயத் தலைவர் உள்ளடங்குவார். அச்சொல் பெரும்பாலும் ஆணையே நினைவூட்டுவதால், கரையில் மீன் விற்கும் பெண் புறத்தே நிற்பாள். 'மீன்பிடித் தொழிலாளர்' என்பதும் விற்போரை விட்டுவிடும். 'மீன்தொழிலாளர்' என்பதே பொருந்தும்.

1977இல் 'கேரள லத்தீன் கத்தோலிக்க மத்ஸ்ய தொழிலாளி பெடரேஷன்' எனத் தோன்றிய அமைப்பு, 1980இல் 'கேரள சுவதந்திர மத்ஸ்ய தொழிலாளி பெடரேஷன்' ஆயிற்று. சமயப் பெயர் நீங்கிய இடத்தில் அமர்ந்த 'சுவதந்திர' என்னும் அடை, கட்சிச் சார்பின்மையைக் குறிப்பது. இதன் தேவை வெளிப்படை: 1964இல் கம்யூனிஸ்டுக் கட்சி பிளவுற்றதன் தொடர்ச்சியாகவே 1970இல் சி.ஐ.டி.யு. தனி மையமாயிற்று. ஆயினும் சார்பின்மை வேறு, உட்சங்கச் சனநாயகம் வேறு. கட்சி சாராத சங்கத்திலும் முடிவுகள் சிலர் கையில் குவியலாம். தமிழில் 'சுதந்திர' என்பது இவ்விரண்டையும் மயக்குதலின் 'கட்சி சாராத' என்பதே தெளிவுடையது.

மூன்றாவது சொல் 'விபாகீயத'. கட்சி ஒழுங்கின் நோக்கில் நின்று, பிரிவினை மனப்பான்மையைக் குற்றமாகச் சுட்டுவது இது. தமிழின் 'கோஷ்டிப்பூசல்' தனிமனிதர் பின்னே திரளும் சண்டையைச் சுட்டுகிறது. ஒன்றின் குற்றம் கொள்கை சார்ந்தது. மற்றதன் குற்றம் ஆள் சார்ந்தது. ஒன்றை மற்றதாகப் பெயர்த்தால், கூலி பற்றியோ போராட்டத்தை முடிப்பது பற்றியோ எழுந்த கருத்து வேறுபாடு தலைவர்களின் சச்சரவாகச் சுருங்கும். தலைமையின் கூற்றைப் பெயர்க்கையில் 'பிளவுப்போக்கு' எனலாம். மொழிபெயர்ப்பாளர் தம் விளக்கத்தில் 'அணி' என்றே வழங்குதல் தகும்.

குறை கூறும் சொல்லைக் கூறியவர் வாயிலேயே நிறுத்துவது நடைப் பிரச்சினை மட்டுமன்று. சங்கத்தின் சிறுபான்மை அணி, தமிழ் வாசகர் முன் விசாரணையின்றித் தண்டிக்கப்படாமல் இருப்பதற்கு அதுவே வழி.